முந்தநாள் பத்திரிகையோடு ஒரு பாடவேளை

வன்னியில் கற்பிக்கும் விரிவுரையாளருக்குக் கொழும்பிலும் சென்னையிலும் கற்பிப்பவர்களுக்கு எளிதில் கிடைக்காத வசதி ஒன்று உண்டு. செய்தியில் வரும் குளத்தின் கீழ் வயல் செய்பவரின் மகள் மூன்றாம் வாங்கில் இருப்பார். செய்தியில் வரும் கடற்கரையில் கரைவலை இழுப்பவரின் மகன் அவருக்குப் பின்னால் இருப்பார். நம் வகுப்புக்கு வரும் நாளிதழ்களில் பெரும்பாலானவை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அச்சாகின்றன. எழுதுகிறவர்கள் அங்கே, எழுதப்படுகிறவர்கள் இங்கே. இதை வைத்துத்தான் இந்த அத்தியாயம் முழுவதும் பேசப்போகிறேன். பத்திரிகையைப் பாடநூல்போல நம்பிப் படிக்கக் கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டிய ஆவணமாகக் கொடுங்கள்.

வகுப்பில் பத்திரிகையைப் பயன்படுத்துவது பழைய யோசனைதான். அமெரிக்காவின் இன்றைய மெயின் மாநிலத்தில் வெளிவந்த ஒரு பத்திரிகை 1795ஆம் ஆண்டிலேயே அதைப் பரிந்துரைத்தது. 1930களில் நியூயோர்க் டைம்ஸ் பாடசாலைகளுக்குப் பிரதிகள் அனுப்பத் தொடங்கியது. பிரான்சில் செலஸ்தென் ஃபிரெனே என்ற ஆசிரியர் அதற்கும் முன்னரே வகுப்புக்குள் அச்சியந்திரத்தைக் கொண்டுவந்து பிள்ளைகளையே பத்திரிகை அச்சிட வைத்தார். பத்திரிகை நிறுவனங்கள் நடத்தும் திட்டங்களில் வாசகரைப் பிடிக்கும் நோக்கமும் கலந்திருக்கும். நமக்கு அந்தத் தேவை இல்லை. ஆகையால் எந்தப் பத்திரிகையையும் தாராளமாகக் குறை சொல்லலாம்.

பிரதிகளைச் சேர்ப்பது

அன்றைய பத்திரிகைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். யாழ்ப்பாணப் பத்திரிகைகள் ஏ9 வீதியால் ஆனையிறவு, பரந்தன் தாண்டிக் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்துவிடும். முல்லைத்தீவுக்கும் துணுக்காய் மல்லாவிப் பக்கத்துக்கும் போக இன்னும் நேரமெடுக்கும். எட்டரை மணி வகுப்புக்கு அதை நம்பித் திட்டம் போட்டால், பஸ் பிந்திய நாளில் நீங்களும் மாணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முந்தநாள் பத்திரிகை நல்லது. ஒரு கிழமை பழசானால் இன்னும் நல்லது. செய்தி சொன்னது நடந்ததா இல்லையா என்பது அதற்குள் தெரிந்திருக்கும்.

பழைய இதழ்களைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஊர்ச் சனசமூக நிலையத்தில் கேளுங்கள். ஒரு மாதம் மேசையில் கிடந்தபின் அவை கட்டாகக் கட்டி மூலைக்குப் போகின்றன. சலூன்களிலும் தேநீர்க் கடைகளிலும் அப்படித்தான். 16 பக்கப் பத்திரிகையில் நான்கு பக்கம் கொண்ட தாள் நான்கு இருக்கும். தாளுக்கு ஒரு குழு என்று பிரித்தால், ஒரு பிரதியே இருபது பேருக்குப் போதும். ஒரு குழுவின் கையில் முன்பக்கமும் கடைசிப் பக்கமும், இன்னொரு குழுவின் கையில் விளையாட்டும் விளம்பரமும் என்று வரும். தங்களிடம் இல்லாத பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அடுத்த குழுவிடம் கேட்டறிய வேண்டிய நிலைமை தானாகவே உருவாகிவிடும்.

பத்திரிகை வந்துசேரும் வழியையும் ஒரு பாடமாக்கலாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் கிடைக்காமல், கொப்பிக்குரிய கோடு போட்ட தாளில் யாழ்ப்பாணத்தின் உதயன் பத்திரிகை அச்சானது. வன்னிக்குள்ளேயே அச்சான ஈழநாதம் 2009இல் போரோடு நின்றது. 2013 ஏப்ரல் 3ஆம் திகதி அதிகாலை கிளிநொச்சியில் தாக்கப்பட்டது உதயனின் விநியோக அலுவலகம். பத்திரிகைகள் வெளியே போகும் நேரம் பார்த்து அது நடந்தது. 2022 மார்ச்சில் அச்சுத்தாள் இறக்குமதிக்கு டொலர் இல்லாமல் த ஐலண்ட், திவயின ஆகியவற்றின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் நிறுத்தப்பட்டன. வணிகக் கற்கை மாணவருக்கு அந்நியச் செலாவணி பற்றி விளக்க இந்தக் கடைசி உதாரணம் ஒன்றே போதும். ஊடகச் சுதந்திரம் பற்றிப் பேசுகிறவர்கள் கிளிநொச்சி அலுவலகத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஆசிரியபீடத்தை மட்டுமல்ல, கட்டுகளைத் தூக்கிப் போடுகிற இடத்தைத் தாக்கினாலும் பத்திரிகை நின்றுவிடும் என்று மாணவருக்கு அது விளங்கவைக்கும்.

ஒரு குளத்துச் செய்தியை முழுதாகப் படித்தல்

மழைக்காலத்தில் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் பற்றிய செய்தி வராத கிழமை குறைவு. இத்தனை அடி நீர் சேர்ந்தது, வான் கதவுகள் இத்தனை திறக்கப்பட்டன, தாழ்நிலத்தில் இருப்போர் அவதானமாக இருக்கவும். நாலு வரிச் செய்தி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்தில் பொறியியல், விவசாயம் கற்பிப்பவர்களுக்கு இதைவிட நல்ல மூலப்பொருள் கிடைக்காது.

முதலில் அலகு. பத்திரிகை ஏக்கர் அடியில் எழுதும், பாடநூல் கன மீற்றரில் எழுதும். ஒரு ஏக்கர் அடி ஏறத்தாழ 1,233 கன மீற்றர். புனரமைப்பின் பின் இரணைமடுவின் கொள்ளளவு 119,500 ஏக்கர் அடி. அது ஏறத்தாழ 147 மில்லியன் கன மீற்றர். மாணவரே கணக்கிடட்டும், கல்குலேட்டரை எடுக்க விடுங்கள். வேகமாகக் கணக்குப் போடுவது இங்கே நோக்கம் இல்லை.

அடுத்ததில்தான் சுவை இருக்கிறது. முன்னர் 34 அடியாக இருந்த முழுக்கொள்ளளவு மட்டம் 36 அடியாக உயர்த்தப்பட்டது. அதனால் கொள்ளளவு 106,500 ஏக்கர் அடியிலிருந்து 119,500 ஆனது. இரண்டு அடிக்கு 13,000 ஏக்கர் அடி, அதாவது அடிக்கு 6,500. பழைய 34 அடிக்குச் சராசரி எடுத்தால் அடிக்கு ஏறத்தாழ 3,130தான் வரும். மேலே ஓர் அடி ஏறுவது கீழே இரண்டு அடி ஏறுவதற்குச் சமம். ஏன் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். குளத்தின் அலைகரையில் மாடு மேய்த்த யாராவது ஒருவர், தண்ணீர் ஏற ஏற அகலமாகப் பரவும் என்று சொல்லுவார். சூத்திரத்தை அதன்பிறகு கரும்பலகையில் எழுதலாம்.

இப்போது செய்திக்குத் திரும்புங்கள். ‘நீர்மட்டம் 35 அடி’ என்ற தலைப்பைப் படித்துவிட்டு இன்னும் ஓர் அடி இருக்கிறதே என்று ஆறுதலடைகிற வாசகர், எவ்வளவு நீருக்கு இடமிருக்கிறது என்று உண்மையில் அறிந்துகொண்டாரா? ஒரு ஹெக்டேயர் நிலத்தில் 300 மில்லிமீற்றர் மழை பெய்தால் 3,000 கன மீற்றர் நீர் விழுகிறது. நீரேந்து பரப்பு எவ்வளவு, அதில் எவ்வளவு ஓடிவந்து சேரும் என்பதை மாணவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கேட்டு வரட்டும். அதன்பிறகு அந்த நாலு வரிச் செய்தியில் விடுபட்டவற்றைப் பட்டியலிடச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு அளந்த மட்டம்? உள்வரத்து என்ன? வான் கதவு எத்தனை அங்குலம் திறந்தது? யார் சொன்னது?

இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்தால் 2018 டிசெம்பரை எடுங்கள். புனரமைத்த குளம் அந்த மாதத் தொடக்கத்தில்தான் கையளிக்கப்பட்டது. 21ஆம் திகதி இரவு பெருமழை பெய்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. வான் கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற விவாதம் அடுத்த ஆண்டுக்குள்ளும் நீண்டது. அந்த நாட்களின் பத்திரிகைகளை ஒரு குழு திகதிவாரியாக அடுக்கட்டும். இன்னொரு குழு தங்கள் வீட்டிலும் அயலிலும் கேட்டு, தண்ணீர் வாசலுக்கு வந்த நேரத்தை எழுதட்டும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்பதுதான் அன்றைய பாடம். ஒரு எச்சரிக்கை: இது குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வகுப்பாக மாறப் பார்க்கும். மாற விடாதீர்கள். எந்தக் கூற்றுக்கு எந்தச் சான்று இருக்கிறது என்பதோடு நிறுத்துங்கள். திணைக்களத்தில் வேலை செய்கிறவரின் பிள்ளையும் அந்த வகுப்பில் இருக்கலாம்.

மரண அறிவித்தல் பக்கம்

விரிவுரையாளர் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால், ஈழத்துப் பத்திரிகை ஒன்றில் தகவல் மிக அடர்த்தியாக உள்ள பக்கம் இதுதான். பிறப்பிடம், வதிவிடம், தற்காலிக வதிவிடம், பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அவர்கள் இருக்கும் நாடுகள், கிரியை நடக்கும் இடம், மயானம், தொடர்பு இலக்கம் எல்லாம் ஒரு சிறு பெட்டிக்குள். அச்சு மாறாத வாக்கிய அமைப்பு இருப்பதால் அட்டவணையாக்குவதும் சுலபம்.

சமூகவியல், புவியியல், புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு மாதத்து அறிவித்தல்களை வெட்டி எடுங்கள். பெயர், படம், தொலைபேசி இலக்கத்தின் கடைசி எண்கள் ஆகியவற்றை மாணவர் கைக்குப் போகுமுன் நீங்களே கறுப்பு மையால் மறையுங்கள். வன்னி சிறியது, காலமானவர் வகுப்பில் யாராவது ஒருவருக்குச் சித்தப்பாவாக இருப்பார். மீதியை ஐந்து நிரலாகப் பதியச் சொல்லுங்கள்: பிறந்த ஊர், பின்னர் வாழ்ந்த ஊர்கள், பிள்ளைகள் இருக்கும் நாடுகள், இறுதிக் கிரியை நடந்த இடம், தொடர்பு இலக்கத்தின் நாட்டுக் குறியீடு.

பிறகு இலங்கைப் படத்தில் கோடு போடுங்கள். குடாநாட்டில் பிறந்து கிளிநொச்சியில் வாழ்ந்தவர்கள் வருவார்கள். காணியில்லாதவர்களுக்கெனத் திறக்கப்பட்ட குடியேற்றத் திட்டங்களின் கதை அது. மலையகத்தில் பிறந்து வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ காலமானவர்கள் வருவார்கள். 1977, 1983 வன்செயல்களின் கதை அது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, நடுவில் ஒரு வன்னி ஊர்ப் பெயரும், கடைசியில் கனடாவோ சுவிஸோ வருகிறவர்கள் இருப்பார்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வை அந்த நடு ஊர் காட்டும். வரலாற்று நூலில் ஒரு பந்தியாக இருப்பது இங்கே ஆள் ஆளாக வரும்.

இதோடு பாடத்தை முடித்தால் பாதிதான் முடிந்தது. புள்ளிவிபரவியல் மாணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மாதிரிக்குள் யார் வரவில்லை? அறிவித்தல் போடக் காசு வேண்டும். வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீட்டில் காசு இருக்கும். கூலிவேலை செய்து காலமான ஒருவருக்கு மின்கம்பத்தில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி மட்டும் இருக்கலாம், அதுவும் இல்லாமலும் இருக்கலாம். அட்டவணையில் எத்தனை பேரின் பிள்ளைகள் கனடாவில் என்று வந்தாலும், அதை வன்னியின் விகிதமென்று எழுதும் மாணவருக்குப் புள்ளி குறையுங்கள். மாதிரிக் கோணல் என்ற கருத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் தரவு வேறெங்கும் கிடைப்பது கடினம்.

விலையும் விலைமனுவும்

விளம்பரப் பக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திணைக்களங்களும் பிரதேச சபைகளும் வெளியிடும் விலைமனு கோரல் அறிவித்தல்களைப் பொறியியல், தொழினுட்ப மாணவர் ஒரு தவணை முழுக்கச் சேர்க்கட்டும். பிணைமுறித் தொகை, ஒப்பந்தகாரரின் பதிவுத் தரம், வேலைக்காலம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அந்த வீதி பின்னர் என்ன ஆனது என்று நேரே போய்ப் பார்க்கட்டும். வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நெல் விலை கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டியது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் உத்தரவாத விலை அறிவித்தது. கிலோவுக்கு நாடு 120 ரூபாய், சம்பா 125, கீரிச்சம்பா 132. முன்பக்கத்தில் இந்த மூன்று எண்ணும் பெரிதாக வந்தன. காலபோக அறுவடை நடக்கும் மாதத்தில் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடு வளாகத்தில் வணிகம் படிக்கும் மாணவர் வார இறுதிக்கு வீட்டுக்குப் போய் விசாரித்தால், அந்த எண்களுக்குக் கீழே வேறு எண்கள் கிடைக்கும். ஈரநெல்லா காய்ந்த நெல்லா? ஆலைக்காரர் மூடைக்கு எத்தனை கிலோ பிடிக்கிறார்? அறுவடை இயந்திரத்துக்கான கூலி எவ்வளவு? உரக்கடைக் கடனுக்கு ஏற்கெனவே நெல் பேசியாயிற்றா? அரச கொள்வனவு நிலையம் அந்த நாளில் திறந்திருந்ததா? அறிவித்த விலைக்கும் கைக்கு வந்த விலைக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். சந்தைப்படுத்தல் பற்றிய நூலிலுள்ள வழங்கல் சங்கிலிப் படத்தை அதற்குப் பிறகு காட்டினால் மாணவர் அதைத் திருத்தத் தொடங்குவார்கள். திருத்தட்டும்.

மூன்று மொழிப் பத்திரிகை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. விரிவுரை ஆங்கிலத்தில். மாணவர் தமிழும் சிங்களமும் பேசுகிறவர்கள். ஒரே வகுப்பில் இருந்தும், ஒருவர் படிக்கும் பத்திரிகையில் என்ன இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாது. ஆங்கிலம் கற்பிப்பவர்கள் செயற்கையான உரையாடல்களைப் பாடநூலில் தேடுகிறார்கள். இங்கே உண்மையான உரையாடலுக்கான காரணம் கண்முன்னே கிடக்கிறது.

ஒரே நாளில் வெளிவந்த வீரகேசரி, லங்காதீப, டெய்லி மிரர் மூன்றையும் எடுங்கள். குழுவில் தமிழ் வாசிக்கிறவரும் சிங்களம் வாசிக்கிறவரும் இருக்கட்டும். ஒரே நிகழ்வு பற்றிய செய்தியை அவரவர் மொழியில் வாசித்து, மற்றவருக்கு ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். முதல் வாரங்களுக்குப் பரீட்சைத் திகதி, எரிபொருள் விலை, வானிலை போன்ற செய்திகளை எடுங்கள். தலைப்பு, செய்தி இருந்த பக்கம், முதலில் பெயர் சொல்லப்பட்டவர், மேற்கோள் காட்டப்பட்டவர்கள் ஆகிய நான்கை மட்டும் ஒப்பிட்டால் போதும். நிகழ்வு ஒரு மொழியில் வந்து மற்ற மொழியில் வராமலே போயிருந்தால் அதையும் பதியவேண்டும்.

கோயிலா விகாரையா என்று சர்ச்சையிலுள்ள குருந்தூர்மலை போன்ற விடயத்தை முதல் வாரத்திலேயே எடுத்தால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும், அதன்பிறகு ஒட்டுவது கடினம். ஆனால் கடைசி வரைக்கும் எடுக்காமலே விடுவதும் சரியல்ல என்பது என் எண்ணம். மாணவர் ஒருவருக்கொருவர் எரிபொருள் விலைச் செய்தியைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்துச் சொல்லிப் பழகியபின், மற்றவர் வாசிப்பை நம்பும் பழக்கம் வந்திருக்கும். அந்த நேரம் பார்த்து எடுங்கள். அபிப்பிராயம் கேட்காதீர்கள். மேலே சொன்ன நான்கையும் அதற்கும் பொருத்தச் சொல்லுங்கள்.

கொண்டுபோகக் கூடாதவை

இன்று உங்கள் வகுப்பில் இருப்பவர்களில் பலர் 2009இல் நாலைந்து வயதுக் குழந்தைகள். அவர்கள் எங்கே இருந்தார்கள், யாரை இழந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டம் பற்றிய படத்தில், கையில் புகைப்படம் ஏந்தி நிற்கும் தாய், மூன்றாம் வாங்கிலுள்ள மாணவியின் தாயாகவே இருக்கலாம். 2023இல் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கும்போது வெளிப்பட்ட மனிதப் புதைகுழி பற்றிய பக்கத்தை, சும்மா பத்திரிகைத் தாளைப் பிரித்துக் கொடுக்கும்போது யார் கைக்கும் போகவிடாதீர்கள். ஆகவே வகுப்புக்கு முன் எல்லாப் பக்கத்தையும் நீங்கள் ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும். விபத்துப் படம், தற்கொலைச் செய்தி, பாலியல் வன்முறை வழக்கு இவற்றுக்கும் அதே விதி.

இந்த விடயங்களைப் படிப்பிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சட்டமோ ஊடகமோ உளவளத்துணையோ கற்பிப்பவர் படிப்பித்தே ஆகவேண்டும். ஆனால் ஒரு கிழமைக்கு முன்னரே தலைப்பை அறிவியுங்கள், வராமலிருக்க விரும்புகிறவருக்கு வரவுப் பதிவில் குறை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், காரணம் கேட்காதீர்கள். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியிலுள்ள ஆசிரிய மாணவருக்கு இதை இரட்டிப்பாக அழுத்திச் சொல்லவேண்டும். மூன்றாம் ஆண்டில் பாடசாலைகளுக்குப் போய் அவர்கள் இதே பயிற்சியைச் சின்னப் பிள்ளைகளோடு செய்து பார்க்கக்கூடும்.

கைபேசியில் இருக்கிறதே என்பவர்களுக்கு

எல்லாச் செய்தியும் கைபேசியில் வருகிறதே, தாள் எதற்கு என்று மாணவர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இணையச் செய்தியை மத்தியானம் திருத்திவிட்டால் காலையில் என்ன இருந்தது என்று பிறகு தெரியாது. அச்சில் வந்த பிழை அப்படியே கிடக்கும். அடுத்த நாள் மூலையில் வரும் திருத்தத்தையும் சேர்த்து வெட்டி ஒட்டலாம். முகநூல் ஒருவருக்கு ஒரு வரிசையையும் இன்னொருவருக்கு வேறு வரிசையையும் காட்டும். தாளில் எல்லோருக்கும் ஒரே முன்பக்கம். எந்தச் செய்தி எட்டு நிரலில், எது ஒற்றை நிரலில் என்று அளவுகோல் வைத்து அளக்கலாம்.

மறுபக்கமாக, வட்ஸ்அப்பில் உலாவும் பத்திரிகைத் துண்டுப் படங்களைக் கட்டாயம் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். திகதி இல்லாத துண்டு, பழைய செய்தியைப் புதிதுபோல அனுப்பியது, எழுத்துரு பொருந்தாத தலைப்பு எல்லாம் கிடைக்கும். மூல இதழைத் தேடிப் பிடிக்கவேண்டும் என்பது ஒப்படை. பழைய இதழ்களுக்கு நூலகம் இணையத்தளம் இருக்கிறது. ஈழநாடு, உதயன், வீரகேசரி முதலியவற்றின் பல இதழ்கள் அங்கே வருடப்பட்டுக் கிடக்கின்றன. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய அந்தத் தளத்தைப் பயன்படுத்தத் தெரியாமல் ஒரு தமிழ் மாணவரும் பட்டம் பெற்று வெளியேறக் கூடாது என்பது என் பிடிவாதம்.

புள்ளியும் கோவையும்

பத்திரிகைப் பயிற்சிக்குப் புள்ளி போடும்போது சுருக்கம் எழுதுவதற்குக் குறைவாகவும், சரிபார்த்ததற்குக் கூடுதலாகவும் போடுங்கள். செய்தியில் உள்ள ஒரு கூற்றையாவது ஆளைக் கேட்டோ, அளந்தோ, இன்னொரு ஆவணத்தோடு ஒப்பிட்டோ மாணவர் பார்த்திருக்க வேண்டும். பத்திரிகை சரியாகவே எழுதியிருந்தது என்ற முடிவுக்கும் முழுப்புள்ளி உண்டு. இல்லாவிட்டால் பிழை பிடித்தால்தான் புள்ளி என்று நினைத்து இல்லாத பிழையையும் உருவாக்கிவிடுவார்கள்.

வெட்டிய துண்டை ஒட்டுமுன் மேலே மூன்று விடயத்தைப் பேனாவால் எழுதவைக்க வேண்டும்: பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம். பத்திரிகைத் தாள் விரைவில் மஞ்சளாகி, நாளடைவில் பொடியும். ஆகையால் ஒட்டிய அன்றே படம் எடுத்துச் சேமிக்கட்டும். தவணை முடிவில் கோவைகளை மாணவரிடம் திருப்பிக் கொடுக்குமுன், அடுத்த ஆண்டு வகுப்புக்காக நல்லவற்றைப் போட்டோக்கொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாணவரிடம் கேட்டுவிட்டு.